வீடு திரும்பும் செலவு

அன்புள்ள மருமகனுக்கு,

வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்விக்கு அத்தை காகிதத்தில் பதில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. வாய்ஸ் நோட்டாக அனுப்பினால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாதியில் "சரி சரி" என்று நிறுத்திவிடுவாய். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது.

"வேளச்சேரியில் வாடகை போக மிச்சம் இருப்பதெல்லாம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை அத்தை, எதைக் குறைக்க? சினிமாவையா, ஊர் சுற்றுவதையா?" என்று கேட்டிருந்தாய். கூடவே போன மாதச் செலவைப் பட்டியல் போட்டும் அனுப்பியிருந்தாய். உங்கப்பனுக்கு இல்லாத ஒழுங்கு உனக்கு இருக்கிறது, சந்தோஷம். ஆனால் அந்தப் பட்டியலில் "பொழுதுபோக்கு" என்று ஒரு தலைப்பு, "போக்குவரத்து" என்று இன்னொரு தலைப்பு போட்டிருக்கிறாய் பார், கோளாறு அங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனாய். பஜ்ஜிக்கும் சுண்டலுக்கும் ஆனது பொழுதுபோக்குக் கணக்கில் சின்னத் தொகையாக உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி பதினொன்றரைக்கு வாடகைக் காரில் வேளச்சேரி திரும்பியது போக்குவரத்துக் கணக்கில் பெரிய தொகையாக நிற்கிறது. ஆபீஸ் போய்வந்த செலவோடு அது கலந்துவிட்டதால், "பெட்ரோல் விலை ஏறிவிட்டது, என்ன செய்ய?" என்று நீயே உனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறாய். இரண்டையும் ஒரே வரியில் எழுது. கடற்கரைக்குப் போய்வர என்ன ஆயிற்று? அதுதான் கடற்கரையின் விலை.

அப்படி எழுதிப் பார்த்தால் இந்த ஊரில் வேடிக்கை பார்ப்பதற்கு அவ்வளவாகக் காசு ஆவதில்லை என்பது தெரியும். காசு ஆவது வீடு திரும்புவதற்குத்தான். போகும்போது பையில் பணமும் காலில் தெம்பும் கையில் நேரமும் இருப்பதால் பஸ்ஸில் போகிறோம், ரயிலில் போகிறோம். திரும்பும்போது களைப்பு, நேரமாகிவிட்டது, மழை தூறுகிறது; ஆப்பில் என்ன விலை காட்டினாலும் அழுத்திவிடுகிறோம். மழைக்கும் ராத்திரிக்கும் அந்த விலை தானாக ஏறும் என்று தெரிந்தேதான் அழுத்துகிறோம்.

அதனால் எங்கே போகலாம் என்று யோசிக்கும் முன்பே எதில் திரும்புவது என்று முடிவு செய்துகொள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் பார். ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்களின் எண்ணிக்கை குறைவு என்பதை மறந்துவிடாதே; வாரநாள் பழக்கத்தில் நடைமேடைக்குப் போய் நின்றால் கொசுவுக்குத்தான் விருந்து. மாலை ஆறரைக்குக் கிளம்புகிற இடத்துக்கு நாலு மணிக்கே கிளம்பிவிடு. அதே நண்பர்கள், அதே கடற்கரை, அதே அரட்டை. ஒன்பது மணிக்கு ரயிலேறினால் முடிந்தது.

"ஒன்பது மணிக்குத்தானே அத்தை எல்லாமே ஆரம்பிக்கும்?" என்பாய். ஆரம்பிக்கட்டும். மாதத்தில் ஒருநாள் அப்படி இரு, வேண்டாம் என்று யார் சொன்னது? அன்றைக்குக் காரில் திரும்பு, நாலு பேராகச் சேர்ந்து திரும்பு, கணக்குப் பார்க்காதே. வாராவாரம் அப்படி இருந்துவிட்டு என்னிடம் பட்டியல் அனுப்பாதே, அவ்வளவுதான்.

இனி ஆபீஸ் கதை. சோழிங்கநல்லூருக்கு 570-இல் போகிறாய். மாநகர் போக்குவரத்துக் கழகத்தில் 1,000 ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறது, குளிர்சாதனப் பஸ் தவிர மற்றதில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். 2025-இல் 2,000 ரூபாய்க்கு இன்னொன்று கொண்டுவந்தார்கள், அதில் ஏசி பஸ்ஸும் சேர்த்தி. பாஸ் என்றவுடன் லாபம் என்று நினைத்து ஓடாதே. போக வர நாளுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள். 25 நாள் போனால்தான் 1,000 வரும். உனக்கோ வாரத்தில் மூன்று நாள்தான் ஆபீஸ், மற்ற நாள் கைலியோடு வீட்டிலிருந்தே வேலை. மாதம் 500 சொச்சத்தில் முடிகிற காரியத்துக்கு 1,000 கட்டுவதா? ஆனால் பாஸை வாங்கிவிட்டுச் சனி ஞாயிறும் அதிலேயே ஊர் சுற்றுகிறவன் கெட்டிக்காரன். நீ எந்த ஜாதி என்று நீயே பார்த்துக்கொள்.

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. பிங்க் முகம் வைத்த சாதாரணக் கட்டணப் பஸ் வந்தால் 2021-இலிருந்து பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. பல்லவன் என்று பேர் இருந்த காலத்திலிருந்து இந்த ஊர் பஸ்ஸில் நசுங்கியவளுக்கு அரசாங்கம் செய்த மரியாதை என்று எடுத்துக்கொள்கிறேன். நீ ஆம்பிளை, அதே பஸ்ஸில் அஞ்சு ரூபாயிலிருந்து டிக்கெட் எடு. அதற்கும் முகம் சுளித்து டீலக்ஸ் வரட்டும் என்று காத்திருக்கிறாயாம், உன் அறை நண்பன் சொன்னான். டீலக்ஸும் சாதாரணமும் நிற்பது ஒரே டிராபிக்கில்தான் மருமகனே. மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆர். முழுக்கப் பள்ளம் தோண்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளம் உன் பஸ்ஸின் வண்ணத்தைப் பார்த்து வழிவிடப் போவதில்லை.

பைக் வாங்கலாமா என்று கடைசி வரியில் நைசாகக் கேட்டிருந்தாய். கடைசி வரியில் கேட்பதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குத் தெரியாதா? தவணை, இன்ஷூரன்ஸ், லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கிற பெட்ரோல், போகிற இடமெல்லாம் பார்க்கிங் என்று அத்தனையையும் கூட்டிப் பார். வாரம் மூன்று நாள் ஆபீஸுக்காக இவ்வளவா? பைக் ஆசைக்காக வாங்குகிறேன் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். சேமிப்பதற்காக என்று மட்டும் சொல்லாதே.

ஆட்டோவைப் பற்றி நீ புலம்பியதற்கு ஒரு வார்த்தை. 2013-இல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கில் ஓடுகிற ஆட்டோவை எங்கேயாவது பார்த்தால் எனக்கும் ஒரு போட்டோ அனுப்பு. டிரைவர்களைத் திட்டாதே, அத்தனை வருஷத்தில் பெட்ரோல் என்ன விலைக்குப் போயிற்று, அரிசி என்ன விலைக்குப் போயிற்று? அவர்களுக்கும் வீடு இருக்கிறது. உன் தப்பு வேறே. ரயிலை விட்டு இறங்கி, ஸ்டேஷன் வாசலிலேயே, கையில் மூட்டையும் முகத்தில் களைப்புமாக நின்று "எவ்வளவுண்ணா?" என்று கேட்கிறாய். அங்கே கேட்டால் அந்த முகத்துக்கும் சேர்த்துத்தான் விலை. மெயின் ரோடு வரை நட. ஷேர் ஆட்டோ வரும். ஒரு கிலோமீட்டர் என்றால் நடந்தே போய்விடு. ஜிம்முக்குத் தனியாகப் பணம் கட்டுகிற ஆள்தானே நீ?

இப்போது நான் சொல்லவந்த பெரிய விஷயம். நீ குடியிருக்கிற இடத்தின் அருமை உனக்குத் தெரியவில்லை. வேளச்சேரியில் பறக்கும் ரயில் இருக்கிறது. 1995-இல் சேப்பாக்கம் வரை, அப்புறம் மயிலாப்பூர் வரை என்று கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, 2007-இல்தான் வேளச்சேரிக்கு வந்து சேர்ந்தது. ஸ்டேஷன்கள் பார்க்கப் பேய் பங்களா மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனால் டிக்கெட் அஞ்சு, பத்து ரூபாய். நடைமேடைக்குள் வெறுமனே போய் நிற்பதற்குப் பிளாட்பாரம் டிக்கெட்டே பத்து ரூபாய் விற்கிற நாட்டில், வண்டியோடு சேர்த்துக் கடற்கரை வரை கொண்டுவிடுகிறார்கள்!

அந்த ஒரே பாதையில் உன் மாதத்து வாரக்கடைசிகள் அத்தனையும் இருக்கின்றன. கோட்டூர்புரத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்தது, உள்ளே போகக் காசு கிடையாது, நாள் முழுக்க ஏசி. உன் சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய்ப் படிக்கவே தனிப் பிரிவு உண்டு. மே மாதம் உன் மொட்டை மாடி அறை கொதிக்கும்போது மாலில் போய் ஏசிக்காக அலைகிறாய். மாலில் ஏசி இலவசம்தான், ஆனால் அங்கே நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு கடை.

திருமயிலையில் இறங்கினால் மயிலாப்பூர். லஸ் பக்கம் ராகசுதா ஹால், ஆர்கே கன்வென்ஷன் சென்டர் என்று வருஷம் முழுக்கக் கச்சேரி நடக்கிற சின்ன அரங்குகள், பெரும்பாலும் டிக்கெட் இல்லாமல். பங்குனியில் கபாலி கோயிலின் அறுபத்துமூவர் விழா வந்தால் மாட வீதிகள் நான்கிலும் மோரும் பானகமும் கொடுத்து உன்னை வயிறு முட்ட அனுப்புவார்கள். கலங்கரை விளக்கத்தில் இறங்கினால் மெரினா. திருவல்லிக்கேணியில் இறங்கினால் பார்த்தசாரதி கோயில் தெருக்கள், பழைய மெஸ்கள், கடற்கரையின் இன்னொரு முனை.

சேப்பாக்கத்தில் இறங்கினால் சிதம்பரம் ஸ்டேடியம் பக்கத்திலேயே. ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு நீ கொடுத்த காசை உங்கம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். கிரிக்கெட்தான் ஆசை என்றால் ரஞ்சி ஆட்டம் பார். பெரும்பாலும் இலவசமாகவே விடுவார்கள். ஊரின் முதல் டிவிஷன் லீக் ஆட்டங்கள் பல மைதானங்களில் நடக்கின்றன, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் மர நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம். இந்தியாவுக்கு ஆடிய பையன்கூட சிலநாள் அங்கே பந்து பொறுக்கிக்கொண்டிருப்பான். ஆனால் சியர்ஸ் சத்தம் இருக்காது, பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து 1970-களின் ஸ்பின்னர்களைப் பற்றி உனக்குப் பாடம் எடுப்பார். அது உனக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

பார்க் டவுனில் இறங்கி, எதிர்ப்பக்கம் பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் மாறினால் அடுத்தது எழும்பூர். அங்கே அரசு அருங்காட்சியகம், 1851-இல் தொடங்கியது. "மியூசியமா? ஆறாம் கிளாஸ் டூரிலேயே பார்த்தாச்சு." பார்க்கவில்லை. வரிசையில் நின்று தொப்பி அணிந்த வாத்தியாரைப் பார்த்தாய். வெண்கலக் கூடத்துக்கு மட்டும் ஒரு காலை போ. திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் அரை மணி நேரம் நில். அமராவதிச் சிற்பங்கள் தனியாக. அதே வளாகத்தில் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம். அருங்காட்சியகத்தில் பெரியவர்களுக்கு நுழைவுச்சீட்டு 15 ரூபாயாகத்தான் நான் போனபோது இருந்தது. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், ஆபீஸுக்கு லீவு போட்டு அன்றைக்கே போய் நிற்பாய், உன்னைத் தெரியும்.

ரயில் டிக்கெட் எடுப்பதில் நீ செய்யக்கூடிய தப்பு ஒன்று இருக்கிறது. போனில்தான் எடுக்கலாமே என்று அலட்சியமாக நடைமேடைக்குப் போய் நின்று, வண்டி வருகிற நேரத்தில் செயலியைத் திறப்பாய். ஸ்டேஷனுக்குள் நிற்பது தெரிந்தால் அது டிக்கெட் தராது, வெளியே இருக்கும்போதே எடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஏறிவிட்டால் பரிசோதகர் குறைந்தது 250 ரூபாய் அபராதம் எழுதுவார். அஞ்சு ரூபாயில் மிச்சம் பிடித்த ஒரு வருஷத்தை ஒரே சீட்டில் கொடுத்துவிட்டு வருவாய். மெட்ரோவில் போகிற நாளில் சிங்காரச் சென்னை அட்டையை வைத்துக்கொள், 20 சதவீதம் தள்ளுபடி. அதே அட்டை மாநகரப் பஸ்ஸிலும் செல்லும், சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை வேண்டாம்.

சினிமாவை விடச் சொல்ல மாட்டேன். நம்ம குடும்பத்தில் அது நடக்காது. டிக்கெட் விலைக்குத் தமிழ்நாட்டில் அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. பாப்கார்னுக்கு வைக்கவில்லை. அதனால்தான் டிக்கெட்டைவிடப் பாப்கார்ன் விலை அதிகமாக இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போ. ஆன்லைனில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சேவைக் கட்டணம், அதன்மேல் வரி. நீ ஒருவன் ஆறு பேருக்கும் சேர்த்து எடுத்துவிட்டு, திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு, அந்தக் கட்டணத்தை மட்டும் விட்டுவிடுகிறாய். தியேட்டர் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தால் கவுன்டரில் போய் எடு. முதல் நாள் காட்சி பார்த்தே தீர வேண்டிய நடிகர் ஒருவரை வைத்துக்கொள். எல்லாருக்கும் முதல் நாள் போகாதே, அது ரசிகன் லட்சணமும் இல்லை. ஓ.டி.டி. சந்தாக்களில் எது தானாகப் புதுப்பித்துக்கொண்டு காசை எடுக்கிறது என்று இன்றைக்கே பார்.

டிசம்பர் வருகிறது, கச்சேரி சீசன். "எனக்குக் கர்நாடக சங்கீதம் புரியாது அத்தை" என்று நீ சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், எனக்கும் பாதிதான் புரியும். சாயங்காலம் பெரிய வித்வான்களின் கச்சேரிக்குத்தான் டிக்கெட். மதியக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் சும்மா போய் உட்காரலாம். மியூசிக் அகாடமியில் காலை எட்டு மணிக்கு நடக்கும் விளக்க உரைகளுக்கும் காசு கிடையாது. இன்றைக்கு மதியம் பாடுகிற இருபது வயதுப் பெண்ணை நாலைந்து வருஷம் கழித்துக் காசு கொடுத்துக் கேட்கப் போகிறாய். கேன்டீனில் மட்டும் ஜாக்கிரதை. இலவசக் கச்சேரி கேட்கப் போய்க் கீரை வடையிலும் காசி அல்வாவிலும் சம்பளத்தை விட்டவர்கள் இந்த ஊரில் உண்டு. சபா ஒத்துவரவில்லையா, பொங்கல் வரை பொறு. சென்னை சங்கமம் வரும், 2007-இல் தொடங்கி, நடுவில் நின்றுபோய், 2023-இல் மறுபடி உயிர்பெற்றது. பறை, கரகம், ஒயில், சிலம்பம் எல்லாம் பூங்காவிலும் கடற்கரையிலும் இலவசமாக. நம்ம ஊர்ப் பக்கத்துக் கலைஞர்களும் வருவார்கள். ஊரில் கோயில் கொடைக்கு ஆடினால் போனை நோண்டிக்கொண்டு நிற்பாய், இங்கே வந்து நிமிர்ந்து பார்.

அதே ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் கண்காட்சி. அங்கே மிச்சம் பிடிக்காதே. பத்து சதவீதம் கழிவு தருகிறார்கள், அது போதும். இலவசமாகக் கேட்ட கச்சேரிகளுக்கு ஈடாக வருஷத்துக்கு ஒரு கச்சேரியாவது, ஒரு நாடகமாவது காசு கொடுத்துப் பார். எல்லாவற்றையும் ஓசியில் பார்த்தே பழகினவனுக்கு நாளடைவில் எதிலும் முழு மனசு இருக்காது, பாதியில் எழுந்து போவான். நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

நீ கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. "நண்பர்கள் கஞ்சன் என்று சொல்வார்களே?" சொல்வார்கள். அவர்கள் ஒரு மதுக்கூடத்தின் பேரைச் சொன்னபிறகு நீ "ரொம்பச் செலவு" என்று இழுத்தால் கஞ்சன்தான். வியாழக்கிழமையே நீ முந்திக்கொண்டு, "சனிக்கிழமை நாலு மணிக்குத் திருவல்லிக்கேணி, சுத்திட்டு மெஸ்ஸில சாப்பாடு" என்று குழுவில் போட்டுவிடு. முதலில் திட்டம் சொல்கிறவனுக்கு மற்றவர்கள் தலையாட்டுவார்கள், ஏனென்றால் யோசிக்கிற வேலை அவர்களுக்கு மிச்சம். சாப்பாட்டுக்கு உன் பங்கை விட ஐம்பது ரூபாய் கூடவே போடு. நூறு ரூபாய்க்குப் பில்லைப் பிரித்துக் கணக்குப் பார்க்கிறவனோடு யாரும் ரெண்டாவது தடவை வெளியே வர மாட்டார்கள்.

ராத்திரி நேரத்தில் உன்னோடு வேலை பார்க்கும் பெண் பிள்ளைகள் யாராவது தனியாகத் திரும்ப வேண்டியிருந்தால் மட்டும் இந்தக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கார் போட்டுக்கொடு. அதற்கு என்னிடம் கணக்குச் சொல்ல வேண்டாம்.

வருகிற ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு வா. காலை பத்து மணி வண்டியைப் பிடி, திருமயிலையில் இறங்கித் தெற்கு மாட வீதி வழியாக நடந்து வா. அங்கே தரையில் காய் விற்கிற அம்மாக்களிடம் முருங்கைக்காய் நாலும் வாழைப்பூ ஒன்றும் வாங்கிக்கொள், பேரம் பேசாதே. வாழைப்பூவைக் கசங்காமல் கொண்டுவா, மாமாவுக்கு வடை போட வேண்டும்.

அன்புடன்,
அத்தை